நீலப் புள்ளி தடுமாறுகிறது... போனை மாற்ற வேண்டுமா?

கல்யாணப் புடவை எடுக்க ஆரணிக்குப் புறப்படும் வெளியூர்க் குடும்பங்களுக்குச் சோதனை காரில் ஏறியதுமே ஆரம்பித்துவிடுகிறது. தமிழ்நாட்டில் ஆரணி இரண்டு. கமண்டல நாகநதிக் கரையில், திருவண்ணாமலை மாவட்டத்தில் இருக்கும் பட்டு ஆரணி ஒன்று. பெரியபாளையத்துக்குப் பக்கத்தில், திருவள்ளூர் மாவட்டத்தில் இருப்பது இன்னொன்று; நெசவு அங்கேயும் உண்டு. சென்னையில் உட்கார்ந்து மேப்பில் ஊர்ப் பெயரை மட்டும் தட்டி, முதலில் வந்ததை அவசரமாக அழுத்தினால் எங்கே போய் நிற்போம் என்று சொல்ல முடியாது. ரயிலில் வருகிறவர்களுக்கு வேறு விதமான குழப்பம். விழுப்புரம் - காட்பாடி பாதையில் ‘ஆரணி ரோடு’ என்ற பெயர்ப்பலகையைப் பார்த்து இறங்கினால், அந்த இடம் களம்பூர். பட்டுக் கடைகளுக்கு இன்னும் பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டர் பஸ்ஸில் போக வேண்டும்.

இந்த இரண்டிலுமே போனுக்குள் இருக்கும் ஜி.பி.எஸ். ஒரு தப்பும் செய்யவில்லை. ஆனால் திட்டு வாங்குவது அதுதான். “போன் பழசாயிடுச்சுண்ணா, லொகேஷன் எங்கெங்கேயோ காட்டுது, மாத்திடணும்” என்ற பேச்சு ஆரணியின் செல்போன் கடைகளிலும் கூரியர் அலுவலக வாசல்களிலும் சர்வசாதாரணம். புடவையை வாட்ஸ்அப்பில் படம் காட்டி விற்று, பார்சல் கட்டி அனுப்பும் வியாபாரம் பெருகிய பிறகு, இருப்பிடம் சரியாகக் காட்டாத போன் என்பது தொழிலைத் தொடுகிற விஷயமாகிவிட்டது. பட்டுச் சேலை ஒன்றை நெய்து இறக்கத் தறியில் பல நாள் உட்கார வேண்டும். அந்தக் கூலியைச் சேர்த்து வைத்துப் புதுப் போன் வாங்கும் வீட்டில், அந்தச் செலவு தேவைதானா என்று ஒருமுறை நிதானமாகப் பார்த்துவிடுவது நல்லது. பெரும்பாலானவர்களுக்கு அது தேவையில்லை என்பது என் கருத்து. தேவைப்படுகிறவர்களில் பலர் அதைத் தங்கள் கைக்காசில் வாங்கவே கூடாது என்பதும் என் கருத்து.

முதலில் பிரித்துப் பார்க்க வேண்டியது, ஜி.பி.எஸ். வேறு, மேப் வேறு. பூமியிலிருந்து சுமார் 20,200 கிலோமீட்டர் உயரத்தில் சுற்றும் செயற்கைக்கோள்கள் தங்கள் அணுக்கடிகாரத்தின் நேரத்தையும் தாங்கள் இருக்கும் இடத்தையும் இடைவிடாமல் சொல்லிக்கொண்டே இருக்கின்றன. போன் அதைக் கேட்க மட்டுமே செய்கிறது. திருப்பி எதையும் அனுப்புவதில்லை. குறைந்தது நான்கு கோள்களின் சமிக்ஞை கிடைத்தால், அவை வந்து சேர்ந்த நேர வித்தியாசத்தை வைத்து நாம் நிற்கும் இடத்தைக் கணக்கிடுகிறது. ஜி.பி.எஸ்.ஸின் வேலை அதோடு முடிந்தது. அந்த இடத்துக்கு என்ன பெயர், அங்கிருந்து எந்தச் சாலை எங்கே போகிறது, பாலம் இருக்கிறதா உடைந்ததா என்பதெல்லாம் மேப் நிறுவனத்தின் தகவல்.

2024 ஜனவரியில் நீலகிரியின் கூடலூரில், மேப் காட்டிய வழியை நம்பி வந்த கர்நாடகச் சுற்றுலாப் பயணிகளின் கார் படிக்கட்டில் இறங்கி மாட்டிக்கொண்டது. அதே ஆண்டு நவம்பரில் உத்தரப் பிரதேசத்தின் பரேலி பக்கம், ராம்கங்கா ஆற்றின் மேல் ஒரு பகுதி வெள்ளத்தில் அடித்துப்போயிருந்த பாலத்தில் ஏறிய கார் கீழே விழுந்து மூன்று பேர் இறந்தார்கள். வழிகாட்டும் செயலியைப் பின்பற்றியே அவர்கள் வந்ததாகச் சொல்லப்பட்டது. இரண்டு இடத்திலும் கார் எங்கே நிற்கிறது என்பது போனுக்குத் தெரிந்திருந்தது. சாலையைப் பற்றித்தான் தெரியவில்லை. எவ்வளவு விலை கொடுத்துப் புதுப் போன் வாங்கியிருந்தாலும் அதே படிக்கட்டு, அதே பாலம்தான்.

சரி, நிற்கும் இடத்தையாவது எவ்வளவு துல்லியமாகச் சொல்கிறது? திறந்த வானத்தின் கீழ் ஒரு சாதாரண ஸ்மார்ட்போன் 4.9 மீட்டர் ஆரத்துக்குள் சரியாகக் காட்டும் என்கிறது அமெரிக்க அரசின் ஜி.பி.எஸ். இணையதளம். அடிக் கணக்கில் அது பதினாறு அடி. ஆரணியின் நெசவுத் தெருக்களில் சுவரோடு சுவர் ஒட்டிய வீடுகள்; முகப்பு பதினைந்து, இருபது அடி இருந்தால் உண்டு. ஆக, நல்ல வெயிலில், மேகமில்லாத வானத்தில், பழுதில்லாத போன் காட்டும் இடம் உங்கள் வீடாகவும் இருக்கலாம், பக்கத்து வீடாகவும் இருக்கலாம். பார்சல்காரர் அடுத்த வீட்டுக் கதவைத் தட்டுகிறார் என்றால் போன் கெட்டுவிட்டது என்று அர்த்தமில்லை. அதன் எல்லையே அதுதான்.

2025 மே மாதம் இந்திய அஞ்சல் துறை அறிமுகப்படுத்திய டிஜிபின் முறையை இந்தக் கணக்கோடு வைத்துப் பார்க்க வேண்டும். ஐ.ஐ.டி. ஹைதராபாத்தும் இஸ்ரோவின் தேசியத் தொலையுணர்வு மையமும் சேர்ந்து உருவாக்கிய முறை அது. நாடு முழுவதையும் சுமார் நான்கு மீட்டருக்கு நான்கு மீட்டர் கட்டங்களாகப் பிரித்து, ஒவ்வொரு கட்டத்துக்கும் பத்து எழுத்து, எண் கொண்ட ஒரு குறியீடு தருகிறது. ஒரே பின்கோடுக்குள் பல தெருக்கள் அடங்கிய ஊரில், ஒவ்வொரு வாசலுக்கும் தனி அடையாளம் கிடைப்பது உண்மையிலேயே பெரிய வசதி. ஆனால் கட்டம் நான்கு மீட்டர், போனின் தடுமாற்றம் ஐந்து மீட்டர். வீட்டுக்குள் நின்றபடி போன் சொன்ன குறியீட்டை அப்படியே விசிட்டிங் கார்டில் அச்சடித்தால், அது பக்கத்து வீட்டுக் குறியீடாகிவிட வாய்ப்பு அதிகம். மேப்பின் செயற்கைக்கோள் படத்தில் சொந்தக் கூரையைக் கண்ணால் அடையாளம் பார்த்து, விரலால் புள்ளியை அங்கே நகர்த்தி வைத்த பிறகே குறியீட்டை எடுக்க வேண்டும். இதற்கு எந்தப் போனும் போதும்.

வாட்ஸ்அப்பில் லொகேஷன் அனுப்புகிறவர்களும் ஒரு சின்ன வரியைக் கவனிப்பதில்லை. ‘தற்போதைய இருப்பிடத்தை அனுப்பு’ என்ற இடத்துக்குக் கீழே, எத்தனை மீட்டர் துல்லியம் என்று பொடி எழுத்தில் ஓர் எண் இருக்கும். தறி போட்டிருக்கும் உள்ளறையில், கான்கிரீட் தளத்துக்குக் கீழே உட்கார்ந்து பார்த்தால் அது முப்பது, நாற்பது என்று கிடக்கும். தகரக் கூரையும் அப்படித்தான். பழைய ஓட்டு வீடு கொஞ்சம் தேவலை, ஓடு அலையை அவ்வளவாகத் தடுப்பதில்லை. போனோடு தெருவுக்கு வந்து, வானம் தெரிகிற இடத்தில் அரை நிமிடம் நின்றால் அந்த எண் மளமளவென்று குறைந்து ஒற்றை இலக்கத்துக்கு வரும். அப்போது அனுப்புங்கள். தெருவில் நின்றும் எண் இறங்கவேயில்லை என்றால்தான் அடுத்த கேள்விக்குப் போக வேண்டும்.

அடுத்த கேள்வி செட்டிங்ஸ். ஐபோனில் 2020 முதலும், ஆண்ட்ராய்டில் 2021-இன் 12-ஆம் பதிப்பு முதலும், ஒவ்வொரு செயலிக்கும் துல்லியமான இருப்பிடத்தைத் தருவதா, தோராயமாகத் தருவதா என்று நாமே முடிவு செய்யலாம். அவசரத்தில் ‘தோராயம்’ என்பதை அழுத்திவிட்டால் அந்தச் செயலிக்கு நம் தெரு தெரியாது, பேட்டை மட்டுமே தெரியும். பேட்டரி சேமிப்பு முறை இயங்கும்போதும் பல போன்கள் இருப்பிடம் தேடுவதைக் குறைத்துக்கொள்ளும். சிலருக்கு நீலப் புள்ளி சரியான இடத்தில் நிற்கும். அதிலிருந்து விரியும் வெளிச்சம் மட்டும் எதிர்த் திசையைக் காட்டும். அது ஜி.பி.எஸ். கோளாறு இல்லை, காந்தத் திசைகாட்டியின் கோளாறு. காந்தம் வைத்த பின்கவரும், வண்டி ஹேண்டிலில் மாட்டும் காந்தப் பிடிப்பானும் இதற்கு முக்கியக் காரணங்கள். கவரைக் கழற்றிவிட்டு, போனைக் கையில் பிடித்து எட்டுப் போடுவதுபோல் சில தடவை சுழற்றினால் பெரும்பாலும் சரியாகிவிடும்.

நெட் இல்லாவிட்டால் ஜி.பி.எஸ். வேலை செய்யாது என்ற நம்பிக்கையும் பரவலாக இருக்கிறது. செயற்கைக்கோள் தன் இருப்பிட விவரத்தை நொடிக்கு 50 பிட் என்ற மிக மெதுவான வேகத்தில் அனுப்புகிறது. ஒரு கோளின் விவரத்தை முழுதாகக் கேட்க 30 நொடி ஆகும். எல்லாக் கோள்களின் அட்டவணையையும் கேட்டு முடிக்கப் பன்னிரண்டரை நிமிடம். நெட் இருந்தால் இதே விவரத்தைப் போன் சட்டென்று இறக்கிக்கொள்ளும். இல்லாவிட்டால் கொஞ்சம் பொறுமை வேண்டும், அவ்வளவுதான். ஆரணியிலிருந்து படவேடு வழியாக ஜவ்வாது மலைப் பக்கம் போகிறவர்கள், டவர் போனதும் போனும் செத்துவிட்டது என்று நினைத்துக்கொள்கிறார்கள். மலையில் டவர்தான் இல்லை, வானம் நன்றாகவே இருக்கிறது. வைணு பாப்பு வானாய்வகத்தைக் காவலூரில் வைத்ததே அந்த வானத்துக்காகத்தான். கிளம்புவதற்கு முன் அந்தப் பகுதியின் மேப்பை ஆஃப்லைனில் இறக்கி வைத்துக்கொண்டால் ஜமுனாமரத்தூர் வரைக்கும் நீலப் புள்ளி கூடவே வரும்.

இவ்வளவும் சரியாக இருந்தும் சில நாள், சில நேரம் புள்ளி அலைகிறது என்றால் தலைக்கு மேல் பார்க்க வேண்டியிருக்கிறது. தமிழ்நாடு இந்த விஷயத்தில் உலகத்தின் பல பகுதிகளைவிடக் கொஞ்சம் சிக்கலான இடத்தில் இருக்கிறது. பூமியின் காந்த நடுக்கோடு இந்தியாவின் தென்முனையை ஒட்டிச் செல்கிறது. கேரளத்தின் தும்பாவை ராக்கெட் ஏவுதளமாகத் தேர்ந்தெடுத்ததற்கு அதுவே முக்கியக் காரணம். இந்தக் கோட்டை ஒட்டிய பகுதிகளில் வளிமண்டலத்தின் மேலடுக்கான அயனி மண்டலம் மிக அடர்த்தியானது, அமைதியற்றது. செயற்கைக்கோளின் அலை அதன் ஊடே வரும்போது தாமதமாகிறது. சூரியன் சீற்றமாக இருக்கும் ஆண்டுகளில் அந்தத் தாமதம் மட்டுமே பத்து மீட்டருக்கு மேல் பிழை தரும். போனுக்குள் இருக்கும் பொதுவான திருத்தக் கணக்கு அதில் சுமார் பாதியைத்தான் சரிசெய்யும். பொழுது சாய்ந்த பிறகு வேறொன்று நடக்கிறது. அந்த அடுக்கில் குமிழ்கள் கிளம்பி அலையைத் துடிதுடிக்க வைக்கின்றன; மார்ச், ஏப்ரலிலும் செப்டம்பர், அக்டோபரிலும் இது அதிகம். பகலில் ஒழுங்காக இருந்த புள்ளி அந்தி கழிந்து அலைந்தால் போனைக் குறை சொல்வதில் நியாயமில்லை. சூரியனின் இப்போதைய சுழற்சி உச்சத்தை எட்டிவிட்டதாக அமெரிக்காவின் நாசா அறிவித்தது 2024 அக்டோபரில். கடந்த சில ஆண்டுகளில் புள்ளி கூடுதலாகத் தடுமாறியிருந்தால் அதில் சூரியனுக்கும் பங்கு இருந்திருக்கலாம்.

விமானங்கள் இறங்குவதற்கு இந்தப் பிழை ஆகாது என்பதால் இஸ்ரோவும் இந்திய விமான நிலைய ஆணையமும் சேர்ந்து ‘ககன்’ என்ற திருத்த முறையையே உருவாக்கின. போனுக்கு வந்த வழி வேறு. அதுதான் இரட்டை அலைவரிசை. புதுப் போன் வாங்குவதற்கு ஜி.பி.எஸ். தரப்பில் ஒரே ஒரு உண்மையான காரணம் உண்டென்றால் இது ஒன்றுதான்.

பழைய போன்கள் எல்1 என்ற 1575.42 மெகாஹெர்ட்ஸ் அலையை மட்டும் கேட்கும். புதியவற்றில் சில அதோடு எல்5 என்ற 1176.45 மெகாஹெர்ட்ஸ் அலையையும் கேட்கின்றன. அயனி மண்டலம் இரண்டையும் ஒரே அளவு தாமதப்படுத்துவதில்லை; வித்தியாசத்தைப் பார்த்தே தாமதத்தைக் கணக்கிட்டுக் கழித்துவிடலாம். இன்னொரு லாபமும் இருக்கிறது. கோயில் மண்டபத்தில் பேசினால் நம் குரலே சுவரில் பட்டுத் திரும்பி வந்து குழப்புவதுபோல, கட்டடங்களில் பட்டு எதிரொலித்து வரும் அலை போனைக் குழப்பும். எல்5-இன் துடிப்புகள் எல்1-ஐவிடப் பத்து மடங்கு நெருக்கமானவை என்பதால், நேராக வந்தது எது, சுவரில் பட்டு வந்தது எது என்று அதனால் பிரித்தறிய முடிகிறது. 2018-இல் வந்த ஷாவ்மி எம்ஐ 8தான் இந்த வசதியோடு வந்த முதல் போன். ஐபோனில் 14 ப்ரோ வரிசையோடு 2022-இல் வந்தது.

இந்த லாபம் எல்லா ஊருக்கும் ஒரே அளவு இல்லை. சென்னை ரங்கநாதன் தெருவில், இரு பக்கமும் அடுக்குமாடிகளுக்கு நடுவே நிற்பவருக்கு எல்5 பெரிய உதவி. ஆரணியில் பெரும்பாலும் ஒரு மாடி, இரண்டு மாடிதான். வானம் தாராளமாகத் தெரிகிறது. இங்கே பகல் நேரத்தில் பழைய போனுக்கும் புதுப் போனுக்கும் இருக்கும் வித்தியாசம், கடைக்காரர் சொல்லும் அளவுக்கு இருக்காது.

பெட்டியில், இந்தியாவின் சொந்த இருப்பிட வழிகாட்டி முறையான ‘நாவிக்’ பெயரைப் போட்டிருந்தால் நம் நாட்டுச் சொத்து என்ற பெருமையில் வாங்குகிறவர்கள் உண்டு. பெருமை நியாயமானது. 2013 ஜூலை 1-ஆம் தேதி முதல் கோள், 2016-இல் ஏழாவது என்று ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து வரிசையாக ஏறியவை. ஆனால் அணுக்கடிகாரங்கள் அடுத்தடுத்துப் பழுதாயின. 2025 ஜனவரியில் ஏவிய என்.வி.எஸ்-02 தன் சுற்றுப்பாதைக்குப் போய்ச் சேரவில்லை. அந்த ஆண்டு நாடாளுமன்றத்தில் அரசு தந்த பதிலின்படி, இருப்பிடம் காட்டும் பணியில் இருந்தவை நான்கு கோள்கள்தான். அதனால் நாவிக் இப்போதைக்கு ஜி.பி.எஸ்.ஸுக்குத் துணை, மாற்று இல்லை. நாவிக்கின் முதல் தலைமுறைக் கோள்கள் சாதாரணப் போன்கள் கேட்கும் எல்1-இல் பேசவேயில்லை. எல்5-இலும் எஸ் அலைவரிசையிலும்தான் பேசின. ஆகவே அவற்றைக் கேட்கும் போனில் எல்5 ஏற்பி இருந்தே ஆக வேண்டும். பெட்டியில் அந்த வார்த்தையைப் பார்த்தால் எல்5 இருக்கக்கூடும் என்று ஊகிக்கலாம். சிப்பில் வசதி இருந்தும் அதற்கான ஆன்டெனாவைச் சில நிறுவனங்கள் வைக்காமல் விடுவதுண்டு என்பதால், ஊகத்தோடு நிறுத்திக்கொள்ளாமல் சோதித்துப் பார்க்க வேண்டும்.

சோதனைக்கு இலவசச் செயலி இருக்கிறது, பெயர் ஜி.பி.எஸ்.டெஸ்ட். ஆண்ட்ராய்டு போனில் அதை இறக்கிக்கொண்டு மொட்டை மாடிக்குப் போங்கள். திறந்ததும் வரிசை வரிசையாகச் செயற்கைக்கோள்கள் வரும். ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில் அமெரிக்கா, ரஷ்யா, ஐரோப்பா, சீனா, இந்தியா என்று கொடி. அதற்கடுத்து எல்1 கேட்கிறதா, எல்5 கேட்கிறதா என்ற குறிப்பு. அப்புறம் அலையின் பலத்தைக் காட்டும் ஓர் எண். இந்த எண்தான் முக்கியம். திறந்த வானத்தில் நல்ல போனில் பல கோள்களுக்கு 35-க்கு மேல் இருக்கும், சிலது 40-ஐத் தாண்டும். எல்லாமே இருபதுகளில் கிடந்தால் போன் காது மந்தமாகிவிட்டது. பக்கத்தில் இன்னொருவர் போனை வைத்து இரண்டையும் ஒப்பிட்டால் ஐந்து நிமிடத்தில் சந்தேகம் தீரும். ஐபோனில் இந்த விவரத்தைச் செயலிகளுக்குக் காட்ட ஆப்பிள் அனுமதிப்பதில்லை என்பதால் இந்தச் சோதனை அங்கே முடியாது.

எண் குறைவாக இருந்தாலும் உடனே புதுப் போன் என்று போக வேண்டாம். போன் கீழே விழுந்த பிறகு, அல்லது பேட்டரி, டிஸ்பிளே மாற்றிய பிறகு இந்தக் கோளாறு வந்ததா என்று யோசியுங்கள். ஜி.பி.எஸ். ஆன்டெனா போனின் விளிம்பிலோ பின்மூடியிலோ இருக்கும். போர்டோடு அதை இணைப்பது பொடிப்பொடியான தொடுமுனைகள். பின்பக்கத்தைத் திறந்து மூடும்போது ஒன்று வளைந்தாலும், திருகு ஒன்று தளர்ந்தாலும் சமிக்ஞை பாதியாகிவிடும். சர்வீஸ் கடையில் “ஜி.பி.எஸ். ஆன்டெனா கான்டாக்டைப் பாருங்க” என்று குறிப்பாகச் சொன்னால் சின்ன வேலையிலேயே சரியாகிவிடலாம். உப்பிய பேட்டரி பின்மூடியைத் தள்ளிக்கொண்டு நின்றாலும் இதே கதைதான். அந்தப் பேட்டரியை ஜி.பி.எஸ்.ஸுக்காக இல்லாவிட்டாலும் உடனே மாற்றியாக வேண்டும்.

வயதாகிப்போய் உண்மையிலேயே கைவிடும் போன்களும் உண்டு. ஜி.பி.எஸ். அனுப்பும் வார எண் 1,024 வாரத்துக்கு ஒருமுறை பூஜ்யத்துக்குத் திரும்பும். அப்படித் திரும்பியது 2019 ஏப்ரலில். அதன் தொடர்ச்சியாக, அந்த ஆண்டு நவம்பர் 3-ஆம் தேதிக்குள் மென்பொருளைப் புதுப்பிக்காத ஐபோன் 5-இல் இருப்பிடமும் தேதியும் குழம்பும் என்று ஆப்பிள் எச்சரித்தது. நிறுவனம் புதுப்பித்தல் அனுப்புவதையே நிறுத்திவிட்ட போனில் இப்படி ஒன்று நேர்ந்தால் சர்வீஸ் கடைக்காரரால் ஒன்றும் செய்ய முடியாது. பாதுகாப்புப் புதுப்பித்தலும் நின்று, யு.பி.ஐ.யில் பணமும் அந்தப் போனிலேயே நடக்கிறது என்றால், போனை மாற்றுவதற்கு ஜி.பி.எஸ்.ஸைவிடப் பெரிய காரணம் கிடைத்துவிட்டது.

இதுவரை சொன்னதெல்லாம் சொந்தத் தேவைக்குப் போன் வைத்திருப்பவர்களுக்கு. கையில் இருக்கும் போனின் நீலப் புள்ளி கூலியையே தீர்மானிக்கிறவர்களின் நிலைமை வேறு. 2023 ஜனவரி 1 முதல் நூறு நாள் வேலைத் தளங்களில், இருப்பிடக் குறியோடு படம் எடுத்து நாளுக்கு இரண்டு முறை செயலியில் வருகை பதிவது கட்டாயமாக்கப்பட்டது. அதைச் செய்ய வேண்டியவர் பணித்தளப் பொறுப்பாளர், பெரும்பாலும் அதே கிராமத்துப் பெண், கையில் இருப்பது அவருடைய சொந்தப் போன். படம் ஏறவில்லை, இடம் பொருந்தவில்லை என்றால் மண் வெட்டியவர்களின் அன்றைய கூலி கேள்விக்குள்ளாகும். பிரதமரின் ஊரக வீட்டு வசதித் திட்டத்தில் அடித்தளம் தொடங்கிக் கூரை வரை ஒவ்வொரு கட்டத்துக்கும் இருப்பிடக் குறியோடு படம் ஏறினால்தான் அடுத்த தவணை வரும். தமிழ்நாட்டில் 2024-இல் நடந்த டிஜிட்டல் பயிர்க் கணக்கெடுப்பில் வேளாண் கல்லூரி மாணவர்கள் போனோடு வயல் வரப்பில் இறங்கினார்கள். உணவு டெலிவரி, கூரியர் பையன்களுக்கோ, இடத்துக்குப் போய்ச் சேர்ந்துவிட்டார் என்று செயலி ஒத்துக்கொண்டால்தான் அந்த ஆர்டர் முடியும்.

இவர்களுக்குத் துல்லியம் வேண்டும், சந்தேகமில்லை. அந்தத் துல்லியத்தைக் கேட்பது இவர்கள் இல்லையே. அரசுத் துறையோ நிறுவனமோ ஒரு செயலியைக் கட்டாயமாக்கினால், அதற்குத் தேவையான கருவியையும் அதுவே தர வேண்டும், அல்லது அதற்கான தொகையைத் தர வேண்டும். பஸ் நடத்துநர் டிக்கெட் மெஷினைத் தன் சம்பளத்தில் வாங்கிக்கொண்டு வருவதில்லை. அதோடு, ஐந்து மீட்டர், பத்து மீட்டர் தடுமாற்றம் எந்தப் போனிலும் வரும் என்று தெரிந்த பிறகும், இடம் பொருந்தவில்லை என்று தானாகவே வருகையை நிராகரிக்கும் செயலியை வடிவமைப்பது அநியாயம். அந்தி மசங்கிய வேளையில் அயனி மண்டலம் செய்கிற கோளாறுக்கு ஒரு கூலித் தொழிலாளி ஏன் பதில் சொல்ல வேண்டும்? சந்தேகம் வந்தால் ஆள் சரிபார்க்க வழி இருக்க வேண்டும். இருப்பிடக் குறி பொருந்தாத படத்தை ஒதுக்குவதற்கு முன், எத்தனை மீட்டர் துல்லியத்தில் அது எடுக்கப்பட்டது என்பதையும் பார்க்க வேண்டும். அந்த எண்ணைப் போனே சொல்கிறது. கேட்பதற்குச் செயலியில் ஒரு வரி போதும்.

எல்லாம் பார்த்த பிறகும் புதுப் போன்தான் என்று முடிவானால், கடையில் கேமரா எத்தனை மெகாபிக்சல் என்று கேட்கும் முன், இரட்டை அலைவரிசை உண்டா, எல்5 வருமா என்று கேளுங்கள். தெரியாது என்றுதான் பெரும்பாலும் பதில் வரும். டெமோ போனில் ஜி.பி.எஸ்.டெஸ்ட்டை ஏற்றச் சொல்லி, கடைக்கு வெளியே வெயிலில் நின்று பாருங்கள். முதல் தடவை என்பதால் இரண்டு மூன்று நிமிடம் காத்திருக்க வேண்டியிருக்கும். ஐரோப்பாவின் கலிலியோ கோள்கள் எல்லாமே எல்5-க்கு இணையான அலையை அனுப்புகின்றன. அந்தக் கொடி இருக்கும் வரிகளை முதலில் தேடுங்கள். அவற்றில் எல்1-க்குப் பக்கத்தில் அந்த இரண்டாவது அலை ஒன்றுக்குக்கூட வரவில்லை என்றால், பெட்டியில் என்ன அச்சடித்திருந்தாலும் அந்தப் போன் உங்கள் பழைய போன் கேட்பதையேதான் கேட்கிறது.